‘இல்லை’ வேறு, ‘தெரியாது’ வேறு

மாதத் தொடக்கம். தருமபுரி மாவட்டத்தில் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றின் ரேஷன் கடை. வரிசை நீண்டு நிற்கிறது. ஆண்டுக் கணக்கில் புளியம்பழத்தை உடைத்துக் கொட்டை எடுத்ததால் தேய்ந்துபோன விரலை, ஒரு மூதாட்டி சிறிய இயந்திரத்தின் கண்ணாடிமீது வைக்கிறார். இயந்திரம் ‘கீச்’ என்று ஒலி எழுப்புகிறது.

“ரேகை விழலை ஆயா, கையைத் துடைச்சிட்டு வைங்க” என்கிறார் விற்பனையாளர்.

சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கிறார். மறுபடியும் ‘கீச்’. வலக்கைக் கட்டைவிரல், இடக்கை ஆள்காட்டி விரல் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாகிவிட்டது. “ஆயா, நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க. அடுத்தவங்க வாங்க” என்று வரிசை நகர்கிறது.

அந்த மூதாட்டியை அந்த ஊரில் அறியாதவர் இல்லை. விற்பனையாளரும் அவரைப் பல ஆண்டுகளாக அறிவார். வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் அவருக்கு உறவு. அத்தனை பேருக்கும் தெரிந்த ஒருவரை ஒரு பெட்டி மட்டும் ஏற்க மறுக்கிறது. அங்கே அந்தப் பெட்டியின் சொல்லே செல்லுபடியாகிறது.

இதுபோன்ற காட்சியை எங்கள் மாவட்டத்தில் மட்டுமன்றி நாட்டின் பல பகுதிகளிலும் காணலாம். மாணவ நண்பர்களே, இதைப்பற்றி உங்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன். நான் தொழில்முறைக் கணிப்பொறி வல்லுநன் அல்லன். ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காக நிரல் எழுதுகிறவன். கணிப்பொறிக்கு நாம் வரிசைப்படுத்தித் தரும் கட்டளைகளின் தொகுப்பைத்தான் நிரல் என்கிறோம். நிரல் எழுதி நான் பெற்ற முதல் பாடமே இந்தக் கட்டுரையின் கருத்தும் ஆகும்.

நான் செய்த தவறு

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சுற்றுப்புறத்தில் சிலரிடம் பால் வாங்கி விற்று வந்தார். பாலின் அளவையும் கொழுப்புச் சத்தையும் தினமும் ஒரு நோட்டில் எழுதுவார். 15 நாளுக்கு ஒருமுறை கணக்குப் பார்த்துப் பணம் கொடுப்பார். அந்தக் கணக்கைப் போட நான் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். இரவு முழுவதும் எடுத்த வேலை ஒரு நொடியில் முடிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் முறை கணக்குக் கொடுத்தபோது, பால் ஊற்றும் அம்மாள் ஒருவர் கேட்டார்: “ஏன் தம்பி, செவ்வாய்க்கிழமை மட்டும் என் மாடு பச்சைத் தண்ணியா கறந்துச்சு?”

நடந்தது இதுதான். அந்தச் செவ்வாயன்று கொழுப்பு அளக்கும் கருவி பழுது. நோட்டில் அந்தக் கட்டம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. என் நிரலோ வெறுமையான கட்டத்தைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டது. கொழுப்பு சுழியம் என்றால் விலையும் சுழியம். ஒரு நாள் பாலுக்கு அந்த அம்மாளுக்குக் காசே இல்லை.

கணிப்பொறி பெருக்கலிலோ கூட்டலிலோ தவறவில்லை. தவறு என்னுடையது. ‘கொழுப்பு இல்லை’ என்பதும் ‘கொழுப்பு எவ்வளவு என்று தெரியாது’ என்பதும் வெவ்வேறு செய்திகள். நான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். நோட்டு கையில் இருந்ததால் அன்றே தவறு புலப்பட்டது, பணமும் கொடுக்கப்பட்டது. நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் அந்த அம்மாளின் வாய்ச்சொல்லுக்கும் கணிப்பொறி அச்சிட்ட தாளுக்கும் போட்டி வந்திருக்கும். எது வென்றிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று முதல் எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றே. இதற்குத் ‘தெரியாது’ என்று சொல்லத் தெரியுமா?

விரலும் மதிப்பெண்ணும்

ரேஷன் கடை இயந்திரத்துக்கு இந்தக் கேள்வியைப் பொருத்திப் பார்ப்போம். அதற்கு முன், கைரேகையை அது எப்படி ஒப்பிடுகிறது என்று அறிந்துகொள்வது நல்லது.

உங்கள் விரல் நுனியை உற்றுப் பாருங்கள். மேடுகளும் பள்ளங்களுமாக வரிகள் ஓடுகின்றன. சில வரிகள் திடீரென முடிகின்றன. சில வரிகள் இரண்டாகக் கிளைக்கின்றன. இந்த முடிவுகளும் கிளைகளும் எங்கெங்கே, எந்தத் திசையில் இருக்கின்றன என்பதையே இயந்திரம் குறித்துக்கொள்கிறது. ஆதார் முறையில் அந்தக் குறிப்பு தொலைவிலுள்ள மையக் கணிப்பொறிக்குப் போய், அங்கே முன்பே சேமித்து வைத்த பதிவோடு ஒப்பிடப்படுகிறது.

ஒரே விரலை இரண்டு முறை வைத்தாலும் இரண்டு பதிவுகள் அச்சாக ஒன்றுபோல் இரா. ஒருமுறை அழுத்தி வைப்போம், ஒருமுறை சாய்த்து வைப்போம். ஒருநாள் விரல் ஈரமாயிருக்கும், ஒருநாள் வெடித்திருக்கும். ஆகவே கணிப்பொறி ‘எவ்வளவு ஒத்திருக்கிறது’ என்று ஒரு மதிப்பெண் போடுகிறது. அந்த மதிப்பெண் ஓர் எல்லையைத் தாண்டினால் ‘ஆம்’, தாண்டாவிட்டால் ‘இல்லை’.

அந்த எல்லையை எங்கே வைப்பது? உயர்த்தி வைத்தால், உரியவரே மறுக்கப்படுவார். தாழ்த்தி வைத்தால், அயலாரும் ஏற்கப்படுவார். ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். தேர்வில் தேர்ச்சி மதிப்பெண்ணை மாற்றுவது போன்றதே இது. கருவியை மேம்படுத்தி இரண்டு பிழைகளையும் ஓரளவு குறைக்கலாம். அடியோடு ஒழிக்க முடியாது.

இனி ஒரு சிறு கணக்கு. எளிமைக்காக, ஒரு கடையில் 500 குடும்ப அட்டைகள் என்றும், 100 பேரில் 98 பேருக்கு ரேகை முதல் நாளே பொருந்திவிடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ‘98 விழுக்காடு வெற்றி’ என்று அறிக்கையில் எழுதினால் எவ்வளவு அழகாக இருக்கும்! மிச்சம் 2 விழுக்காடு, அதாவது 10 குடும்பங்கள்.

இந்த 10 குடும்பங்கள் யார்? சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் மாதத்துக்கு 10 பேர் மாறிமாறி வருவதில்லை. ரேகை தேய்ந்தவருக்கு அடுத்த மாதமும் தேய்ந்தேதான் இருக்கும். கல் உடைப்பவர், செங்கல் அறுப்பவர், களை பறிப்பவர், முதியவர் ஆகியோர்தாம் மாதந்தோறும் ஓரமாக நிற்க நேரிடும். சராசரி என்னும் எண் இதை மறைத்துவிடுகிறது. ஒரு மின்விளக்கு 100 முறை போட்டால் 2 முறை எரியவில்லை என்பது வேறு; ஊரில் 100 வீட்டில் 2 வீட்டுக்கு என்றுமே விளக்கு எரியவில்லை என்பது வேறு. இரண்டுக்கும் விழுக்காடு ஒன்றே. ஒரு மென்பொருளின் நம்பகத்தன்மையைப்பற்றி யாராவது விழுக்காட்டில் சொன்னால், ‘மிச்சமுள்ளவர் யார்?’ என்று கேளுங்கள்.

ரேகை பொருந்தவில்லை என்பதன் உண்மையான பொருள் என்ன? ‘இவர் உரியவர் அல்லர்’ என்பதன்று. ‘இந்த விரலைக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை’ என்பதே. தொடர்புக்கான அலைவரிசை கிடைக்காதபோதும் அப்படியே. சித்தேரி போன்ற மலைப்பகுதிகளில் காடும் மேடும் அலையை மறைத்தால் விரலின் குறிப்பு மையக் கணிப்பொறிக்குப் போய்ச் சேருவதே இல்லை. கேள்வியே கேட்கப்படாதபோது விடை எப்படி ‘இல்லை’ ஆகும்? ஆனால் வெறும் பையோடு திரும்புகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இயந்திரமே வேண்டாமா?

‘அப்படியானால் பழைய நோட்டுப் புத்தகமே போதுமே’ என்று சிலர் சொல்லக்கூடும். அதை நான் ஒப்பவில்லை. நோட்டுக் காலத்தில், வாங்காத பொருளை வாங்கியதாக எழுதிக்கொள்வது எளிது. இறந்தவர் பெயரிலும் இல்லாதவர் பெயரிலும் அட்டைகள் இருந்தன. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு மின்னணுக் குடும்ப அட்டை வந்தபின், கடையில் பதிவாகும் ஒவ்வொரு பொருளும் அட்டைதாரரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. வாங்காத பொருளுக்குச் செய்தி வந்தால் உடனே கேட்கலாம். இது ஏழைக்குக் கிடைத்த ஆயுதம். 2020 அக்டோபரில் கைரேகை முறை வந்ததன் நோக்கமும் உரியவருக்கே பொருள் போய்ச் சேரவேண்டும் என்பதுதான்.

ரேகை பொருந்தாத இடத்துக்கும் வழிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆதார் சரிபார்ப்பு நடக்கவில்லை என்பதற்காக உணவுப் பொருளை மறுக்கக்கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரில் எல்லா மாநிலங்களுக்கும் அறிவுறுத்தியது. கைபேசிக்கு வரும் கடவெண்ணைச் சொல்லிப் பொருள் பெறும் வழியும் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கடவெண் வருவதற்கும் அலைவரிசை வேண்டும். முதல் வழி எந்தத் தூணில் நிற்கிறதோ, அதே தூணில் மாற்று வழியும் சாய்ந்திருந்தால் தூண் விழும்போது இரண்டும் விழும். இரண்டு குடங்களை ஒரே கயிற்றில் கட்டி இறக்குவது போன்றது இது. பொறியியலில் மாற்று ஏற்பாடு என்றால் அது வேறு தூணில் நிற்கவேண்டும். மின்சாரம் போனால் இன்னொரு மின்விளக்கைத் தேடுவதில் பயனில்லை. அரிக்கேன் விளக்கு வேண்டும். ரேஷன் கடையில் அந்த அரிக்கேன் விளக்கு எது? ஒரு பதிவேடு, ஒரு பேனா, ஊரார் இருவரின் சாட்சிக் கையெழுத்து. அதைக் கடையிலிருந்து எடுத்துவிடக்கூடாது என்பது என் திடமான கருத்து.

போர்க்களத்தில் ஒரு ‘இல்லை’

‘தெரியாது’ என்பதை ‘இல்லை’ என்று சொல்லிவிடும் குறை சிற்றூர் இயந்திரங்களுக்கு மட்டும் உரியதன்று. 1991 பிப்ரவரி 25ஆம் நாள், வளைகுடாப் போரின்போது சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் நடந்ததைப் பாருங்கள். பகைவரின் ஏவுகணைகளை வானிலேயே தாக்கி அழிக்க ‘பேட்ரியட்’ என்னும் அமெரிக்க அமைப்பு அங்கே நிறுத்தப்பட்டிருந்தது. அன்று வந்த ஸ்கட் ஏவுகணையை அது தாக்கவே இல்லை. படைவீரர் குடியிருப்பின்மீது அது விழுந்து 28 பேர் மாண்டனர்.

காரணம் ஒரு பத்தில் ஒன்று! அந்த அமைப்பின் கணிப்பொறி நேரத்தை நொடியின் பத்தில் ஒரு பங்காக எண்ணியது. நம் பதின்ம முறையில் மூன்றில் ஒன்றை 0.3333 என்று எழுதினால் முடிவே இல்லை அல்லவா? அதுபோலக் கணிப்பொறியின் இரும முறையில் பத்தில் ஒன்றுக்கு முடிவில்லை. எங்கேனும் வெட்டித்தான் ஆகவேண்டும். 24 இரும இலக்கங்களோடு வெட்டியதில், ஒவ்வொரு பத்தில் ஒரு நொடிக்கும் சுமார் 0.000000095 நொடி பிழை சேர்ந்தது.

மிகச் சிறியது என்று தோன்றும். அந்த அமைப்பு 100 மணி நேரத்துக்கு நிறுத்தாமல் இயங்கிக்கொண்டிருந்தது. 100 மணி என்றால் 3,60,000 நொடி; அதாவது 36 இலட்சம் ‘பத்தில் ஒன்றுகள்’. பெருக்கிப் பாருங்கள்: 0.34 நொடி. ஸ்கட் ஏவுகணை நொடிக்கு ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் வேகத்தில் வருவது. 0.34 நொடியில் அது அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஏவுகணை அடுத்து எங்கே வரும் என்று கணித்து, வானத்தின் அந்தப் பகுதியை மட்டுமே ராடார் உற்றுநோக்கும். கணிப்புத் தவறியதால் வேறு இடத்தை நோக்கியது. அங்கே ஒன்றும் காணவில்லை. ‘இலக்கு இல்லை’ என்று முடிவு கட்டியது. ‘என் கடிகாரம் 100 மணி நேரமாகச் சரிபார்க்கப்படவில்லை, என் விடையை நம்பவேண்டாம்’ என்று சொல்ல அதற்குக் கற்றுத்தரப்படவில்லை. குறையைத் திருத்திய மென்பொருள் மறுநாள்தான் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது.

மேல்நிலை வகுப்பில் பைத்தான் மொழி பயிலும் மாணவர்கள், 0.1 + 0.2 என்று கொடுத்துப் பாருங்கள். விடை 0.3 என்று வராது, 0.30000000000000004 என்று வரும். அந்தக் கடைசி 4 ஒரு நல்ல ஆசிரியர்.

இயந்திரத்தை நம்பி மனிதரைத் தண்டித்த கதை

தஹ்ரானில் இயந்திரம் உள்ளதை இல்லை என்றது. பிரிட்டனிலோ இயந்திரம் தவறாகப் ‘பணம் இல்லை’ என்றது. நாடே அதை நம்பியது. அங்கே 1999ஆம் ஆண்டு தொடங்கி அஞ்சல் நிலையங்களில் ‘ஹொரைசன்’ என்னும் கணக்கு மென்பொருள் வைக்கப்பட்டது. அதிலிருந்த குறைகளால் கணக்கில் இல்லாத பற்றாக்குறை காட்டியது. ஊர்ப்புறத்துக் கிளை அஞ்சல் நிலையத்தை நடத்தியவர்கள், ‘நாங்கள் எடுக்கவில்லை’ என்று மன்றாடினார்கள். ‘கணிப்பொறி தவறு செய்யாது’ என்றது மேலிடம். சொந்தப் பணத்தைக் கட்டியவர்கள் பலர். சிறைக்குப் போனவர்கள் சிலர். 2015 வரையிலான காலத்தில் 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டனர். மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. தண்டனைகளைத் துடைக்க 2024இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

என் பால் கணக்கு நிரலில் நோட்டுப் புத்தகம் செய்த வேலையைச் செய்ய அங்கே ஒன்றும் இல்லை. இயந்திரத்தின் சொல்லைச் சோதிக்க இயந்திரத்துக்கு வெளியே ஒரு சான்று இல்லாவிட்டால், அதன் சொல் சாட்சி என்ற நிலையிலிருந்து தீர்ப்பு என்ற நிலைக்கு உயர்ந்துவிடுகிறது.

கழுதை சுமந்த இயந்திரம்

குறை சொல்லிக்கொண்டே போவது நியாயமன்று. நன்கு சிந்தித்து அமைத்த ஏற்பாடுகளும் நம்மிடையே உண்டு.

எங்கள் மாவட்டத்தின் கோட்டூர் மலைக்கு 2021ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலின்போது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் முதுகில் ஏறிப் போயின. மலைப்பாதையில் அப்போது வண்டி போக வழி இருக்கவில்லை. ஆனால் போய்ச் சேர்ந்தபின் அந்த இயந்திரத்துக்கு மின்கம்பியும் தேவையில்லை, அலைவரிசையும் தேவையில்லை. மின்கலத்திலேயே இயங்கும். தனக்கு வேண்டிய அனைத்தையும் தானே சுமந்து செல்வது அது.

அரசியல் மேடையில் அதைப்பற்றி எழும் வாதங்கள் வேறு. மாணவர்களாகிய நாம் அதைச் சுற்றி அமைத்திருக்கும் ஏற்பாட்டைப் பார்ப்போம். வாக்குப்பதிவு தொடங்குமுன், கட்சிகளின் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகளைப் போட்டுச் சோதனை நடத்துகிறார்கள். அதாவது, ஐயுறுபவரையே அழைத்து இயந்திரத்தைச் சோதிக்கச் சொல்கிறார்கள். பொத்தானை அழுத்தியதும் சின்னம் அச்சிட்ட ஒரு காகிதச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 நொடி தெரிந்து பெட்டிக்குள் விழுகிறது. ஓர் இயந்திரத்தின் எண்ணிக்கையும் சீட்டுகளின் எண்ணிக்கையும் ஒப்பிடப்பட்டு, இரண்டும் வேறுபட்டால் சீட்டின் எண்ணிக்கையே செல்லும் என்பது விதி. இயந்திரம் பழுதானால் மாற்று இயந்திரம் வைக்கப்படுகிறது. அதுவரை பதிவான வாக்குகள் அழிவதில்லை.

‘நான் தவறக்கூடும்’ என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு அமைத்த ஏற்பாடு இது. காகிதம் இங்கே பழங்காலத்து மிச்சம் அன்று, இயந்திரத்துக்குச் சாட்சி.

இன்னொன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கைபேசி வழியாகப் பணம் செலுத்தும் யு.பி.ஐ. முறை 2016இல் வந்தது. தருமபுரி பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையிலும் அதற்கான சதுரப் படம் ஒட்டியிருக்கிறது. பணம் அனுப்பினால் அது மூன்று விடைகளில் ஒன்றைச் சொல்லும்: ‘வெற்றி’, ‘தோல்வி’, ‘நிலுவை’. இந்த மூன்றாவது விடைதான் நான் தேடிய ‘தெரியாது’! பணம் போய்ச் சேர்ந்ததா என்பது இன்னும் உறுதியாகவில்லை என்று அது நேர்மையாக ஒப்புக்கொள்கிறது.

அதற்கு அடுத்த படியும் உண்டு. தானியங்கிப் பணப்பொறியில் பணம் வராமலே கணக்கில் கழிந்துவிட்டால், 5 நாட்களுக்குள் வங்கி அதைத் தானாகவே திருப்பவேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வாடிக்கையாளருக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2019இல் ரிசர்வ் வங்கி விதித்தது. வாடிக்கையாளர் கேட்டு அலைய வேண்டியதில்லை. இயந்திரத்தின் தவறுக்கான சுமை வலியவர் தோளில் வைக்கப்பட்டது.

வங்கிக்கு ஒரு நீதி, ரேஷன் கடைக்கு ஒரு நீதியா? ஒரு நாள் கூலியை விட்டு, மலையிலிருந்து இறங்கி வந்து, வெறும் பையோடு திரும்புகிறவரின் நாளுக்கும் ஒரு விலை உண்டு. அயலார் ஒருவர் ஏமாற்றி ஒரு பை அரிசி வாங்கிப் போனால் அரசுக்கு ஒரு பை நட்டம். உரியவர் ஒருவர் மறுக்கப்பட்டால் ஒரு வீட்டில் அடுப்பு எரிவதில்லை. இரண்டு பிழைகளும் தராசில் சமமல்ல. அந்த மதிப்பெண் எல்லையை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறவர் இதை நினைவில் வைக்கவேண்டும். ஐயம் எழும்போது அரிசியைக் கொடுத்துவிட்டு, பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, பிறகு விசாரிப்பதே முறை.

நிலவுக்குச் செய்ததை நிலத்துக்கும் செய்வோம்

2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் ‘விக்ரம்’ கலம் நிலவில் மெல்ல இறங்க முடியாமல் மோதியது. நான்கு ஆண்டுகளுக்குப்பின் 2023 ஆகஸ்ட் 23இல் சந்திரயான்-3 வெற்றியோடு இறங்கியது. இடையில் மாறியது என்ன? எல்லாம் சரியாக நடந்தால் எப்படி இறங்குவது என்று முன்பு திட்டமிட்டதாகவும், இம்முறை எவையெல்லாம் தவறக்கூடும் என்று பட்டியலிட்டு, அப்போதும் எப்படி இறங்குவது என்று திட்டமிட்டதாகவும் அன்றைய இஸ்ரோ தலைவர் சோமநாத் விளக்கினார். உணர்கருவி தவறினால், எஞ்சின் தவறினால், கணக்கீடு தவறினால் என்று ஒவ்வொன்றையும் கேட்டுப் பார்த்தார்கள். இறங்கும் இடத்தின் அளவையே 500 மீட்டர் சதுரத்திலிருந்து 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். குறி தப்பினாலும் கலம் பிழைக்கவேண்டும் என்பதே எண்ணம்.

நிலவில் இறங்கும் கலத்துக்குக் காட்டிய அதே பொறுமையைத் தேய்ந்த விரலுக்கும் காட்டலாம். அதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ‘தவறினால் என்ன?’ என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்டால் போதும்.

உங்களில் பலர் நாளை நிரல் எழுதப் போகிறீர்கள். சிலர் அந்த நிரல்களை வாங்கும் அலுவலகங்களில் அமரப் போகிறீர்கள். எந்த இயந்திரத்தைக் கண்டாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். இதற்குத் ‘தெரியாது’ என்று சொல்ல முடியுமா? அப்படிச் சொல்லும்போது பக்கத்தில் முடிவெடுக்கும் உரிமையோடு ஒரு மனிதர் இருக்கிறாரா? இதன் சொல்லைச் சோதிக்க வேறு தூணில் நிற்கும் சான்று உண்டா? இது தவறினால் சுமை யார் தலையில் விழுகிறது?

அடுத்த மாதம் வீட்டுக்குப் பொருள் வாங்க நீங்களும் உடன் செல்லுங்கள். வரிசையில் நிற்கும்போது எத்தனை பேருக்கு ரேகை முதல் முறையிலேயே விழுகிறது, எத்தனை பேருக்கு விழவில்லை, அவர்கள் என்ன தொழில் செய்பவர்கள், பிறகு அவர்களுக்குப் பொருள் எப்படிக் கிடைத்தது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். யார் பெயரையும் எழுத வேண்டாம். மூன்று மாதம் தொடர்ந்து குறித்தால் உங்கள் கையில் ஓர் உண்மையான அறிவியல் ஆய்வு இருக்கும். அதை உங்கள் ஊர்க் கிராம சபையில் படியுங்கள்.

ஓரமாக நிற்கச் சொன்ன அந்த ஆயா அந்தத் தாளில் ஓர் எண்ணாகவாவது இடம்பெறட்டும். விழுக்காட்டு அறிக்கையில் அவருக்கு இதுவரை இடம் கிடைக்கவில்லை.